நெல்வரியும் அதை அறவிட்டோரும்

அரசாங்கம் ஒன்று நடைபெற வருமானம் வேண்டும். வருமானத்தைச் சேர்க்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களின் கையில் ஏதேனுமொரு கருவியும் வேண்டும். கருவி என்றவுடன் இக்காலத்து நேயர்களுக்குக் கணினி நினைவுக்கு வருவது இயல்பு. முன்னொரு காலத்தில் அது மரைக்காலாக இருந்தது. பின்னர் ஏலமாகவும், இடாப்பாகவும், பற்றுச்சீட்டுப் புத்தகமாகவும் மாறிற்று. கருவி சிக்கலாகச் சிக்கலாக அதைச் சுற்றி ஆட்கள் பெருகுவர், வேலைகள் கிளைவிடும். பின்னர் ஒருநாள் அந்தக் கருவி எளிதாக்கப்படும். பத்துப் புத்தகம் இருந்த இடத்தில் ஒரு புத்தகம் வரும். ஒரு புத்தகம் இருந்த இடத்தில் ஒரு பொறி வரும். பழைய கருவியைச் சுற்றி நின்றவர்களை இனி எங்கே நிறுத்துவது, எவருக்கு எந்தக் கடமையை ஒப்படைப்பது என்ற கேள்வி அப்பொழுதுதான் எழுகிறது. கருவியை மாற்றுவோர் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கடைசியாகவே கேட்கின்றனர், சிலர் கேட்பதேயில்லை. அவ்வாறு கேளாமல் விட்டதன் பயனாகக் குடியானவர்கள் தம் பரம்பரை நிலத்தையே இழந்த சரித்திரம் இலங்கையில் உண்டு. அதுவே நெல்வரியின் கதை.

இந்தக் கதையை நினைத்துப் பார்ப்பதற்கு இறக்காமம் பொருத்தமான இடம். கல்முனை முதலிய கரையோரப் பட்டினங்களிலிருந்து மேற்கே உள்நாட்டுக்குள் செல்வோர், சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் அண்மையில் பரந்த வயல்வெளிகளையும் அவற்றினிடையே இறக்காமத்துக் குளத்தையும் காண்பர். பக்கத்திலே வரிப்பத்தான்சேனை என்றோர் ஊர். அப்பெயர் எவ்வாறு வந்ததாயினும், அதில் வரி என்ற சொல்லும் பத்து என்ற சொல்லும் ஒருங்கே காதில் விழுவது நெல்வரியைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு சிறு வேடிக்கை. ஏனெனில் விளைச்சலிற் பத்திலொரு பங்கு என்பதே ஆங்கிலேயர் காலத்து நெல்வரியின் பொதுவான அளவாக இருந்தது.

1855 முதல் 1860 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட், தூர்ந்து கிடந்த குளங்களைத் திருத்துவதில் ஊக்கங்கொண்டவர். அவர் காலத்தில் மட்டக்களப்புப் பகுதியிலே திருத்தப்பட்டவற்றுள் முக்கியமானவை இறக்காமத்துக் குளமும் அம்பாறைக் குளமுமாகும். அக்காலத்தில் அம்பாறை தனி மாவட்டமன்று. 1961 ஆம் ஆண்டுவரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. குளந் திருத்திய அரசாங்கம் தருமத்துக்காக மாத்திரம் அதைச் செய்யவில்லை. நீர் வந்தால் தரிசு நிலம் விலைபோகும், விளைச்சல் பெருகும், விளைச்சல் பெருகினால் வரியும் பெருகும் என்ற கணக்கும் அதன் பின்னே இருந்தது. அதிலே குற்றமில்லை. குளங்கட்டிய மன்னரெல்லாம் அக்கணக்கைப் போட்டவர்களே.

அந்த வரி எவ்வாறு அறவிடப்பட்டது? மூன்று வழிகள் இருந்தன. முதலாவது அமானி. அரசாங்கத்தின் ஆளே நேராகக் களவெட்டிக்கு வந்து, பொலியை அளந்து, அரசாங்கத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது. பார்வைக்கு இதைவிட நேர்மையான முறை வேறில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான களவெட்டிகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் சூடு மிதிக்கப்படும்போது, ஒவ்வொன்றிலும் நின்று அளப்பதற்கு அரசாங்கத்திடம் ஆட்கள் ஏது? அளந்த நெல்லைக் கட்டுவதற்கும், காப்பதற்கும், விற்பதற்கும் ஆட்கள் ஏது? ஆகவே இரண்டாவது வழி பெரிதும் கையாளப்பட்டது. அதுதான் குத்தகை. குறித்த பகுதியின் நெல்வரியை அறவிடும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். அதிக விலை கேட்டவன் குத்தகைக்காரன். அவன் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும், கச்சேரிக்குக் கவலையில்லை. வயலுக்குப் போவது, மதிப்பிடுவது, அளப்பது, வாதாடுவது எல்லாம் அவன் பாடு.

குத்தகைக்காரனைப் பொல்லாதவன் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவன் இருந்ததன் காரணத்தையும் அறியவேண்டும். அரசாங்கம் தான் வைத்திருக்க வேண்டிய ஒரு பெரும் உத்தியோகத்தர் கூட்டத்தை வைக்காமல், அதன் வேலை முழுவதையும் ஒருவனிடம் விலைக்கு விட்டது. மதிப்பிடுபவனும் அவனே, அறவிடுபவனும் அவனே, கூடுதலாக வந்தால் இலாபம் பெறுபவனும் அவனே. இந்த மூன்றையும் ஒரே கையிற் கொடுத்த பின்னர் அக்கை நீளாமல் இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது உலக வழக்கமன்று. அறுவடை செய்யுமுன் குடியானவன் குத்தகைக்காரனுக்கு அறிவிக்கவேண்டும். அவன் வரும்வரை காத்திருக்கவேண்டும். வானம் கறுத்துவிட்டால், வெட்டிப் போட்ட வேளாண்மை நனைந்து முளைத்துவிட்டால், நட்டம் யாருக்கு? குத்தகைக்காரன் தாமதித்து வந்து தன் மதிப்பை உயர்த்திச் சொன்னால், நீதிமன்றம் போய் நிற்பதைவிடக் கேட்டதைக் கொடுத்துவிடுவதே பல சமயங்களில் குடியானவனுக்கு மலிவாக இருந்தது. அவ்வாறு கொடுத்தது பத்திலொன்றோடு நின்றிராது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது வழி, நெல்லுக்குப் பதிலாகப் பணமாகச் செலுத்துவது. வயலின் சராசரி விளைச்சலைக் கணித்து, அதிற் பத்திலொன்றை நெல்லின் ஒரு சராசரி விலையாற் பெருக்கி, வரும் தொகையைச் சில வருடங்களுக்கு நிலையாக வைத்துவிடுவது. முன்பும் சில இடங்களில் இம்முறை இருந்தது. 1877 இல் நெல்வரியை ஆராய ஓர் ஆணைக்குழு அமர்த்தப்பட்டபின், 1878 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதையே பொதுவான முறையாக்கிற்று. இனி ஏலமில்லை. குத்தகைக்காரனில்லை. களவெட்டியிற் காத்திருப்பதில்லை. வயல்வாரியாக ஓர் இடாப்பு. ஒவ்வொரு வயலுக்கும் நேரே ஒரு தொகை. படிப்படியாக இம்முறை நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

கருவியை எளிதாக்குதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. நியாயமாகப் பார்க்குமிடத்து, இச்சட்டத்தை வகுத்தவர்கள் குடியானவனுக்குத் தீங்கு நினைத்தவர்களல்லர். குத்தகைக்காரனுடைய கொடுமையிலிருந்து அவனை விடுவிக்கவே நினைத்தனர். கச்சேரியின் வேலையும் குறைந்தது. வயலை மதிப்பிடுவதற்கு ஆணையாளர்கள் வந்தனர். மதிப்பிட்டு இடாப்பில் எழுதிவிட்டுப் போயினர். பணத்தை அறவிடும் பொறுப்பு ஊர்த் தலைமைக்காரரிடம் வந்தது. பணம் வராவிட்டால் நிலத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. ஒரு வயலில் நல்ல வருடத்தில் நூறு மரைக்கால் விளைகிறது என்றும், நடுத்தர வருடத்தில் எழுபது என்றும், மழை பொய்த்த வருடத்தில் ஒன்றுமேயில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வரி பத்து, ஏழு, பூச்சியம் என்று விளைச்சலோடு தானும் ஏறி இறங்கும். புதிய முறையிலே, சராசரியைப் பார்த்து ஆறு மரைக்காலின் விலை என்று எழுதினால், அது மூன்று வருடமும் ஆறுதான். மொத்தத்திற் பார்த்தால் குடியானவன் பதினேழுக்குப் பதில் பதினெட்டுக் கொடுக்கிறான். ஒரு மரைக்கால்தானே என்று கச்சேரியிலிருப்பவர் சொல்லலாம். ஆனால் மனிதன் சராசரி வருடத்திற் சாப்பிடுவதில்லை. விளையாத வருடத்திலும் அவனுக்குப் பசி உண்டு. அந்த வருடத்து ஆறு மரைக்காலின் விலையை அவன் எங்கே தேடுவான்? அன்றியும், நெல்லாகக் கொடுத்த காலத்தில் சந்தை விலை அவனைத் தொடவில்லை. பணமாகக் கொடுக்கும்போது, எல்லோரும் விற்கும் அறுவடைக் காலத்தில், விலை தாழ்ந்து கிடக்கையில், அவனும் விற்றாகவேண்டும். சட்டம் இதை முற்றாக மறந்துவிடவில்லை. விளைவித்த போகத்துக்கு மாத்திரம் செலுத்துவது, வருடந்தோறும் செலுத்துவது என்று இரு வகைகளை அது வைத்திருந்தது. ஆனால் விளைவித்தானா இல்லையா என்பதை யாராவது போய்ப் பார்த்துச் சொல்லவேண்டுமே! பார்ப்பதற்கு ஆள் வேண்டாம் என்பதற்காகத்தானே இம்முறையே வந்தது?

சிக்கல் முழுவதும் இந்த இடத்திற்றான் இருக்கிறது. குத்தகைக்காரன் எவ்வளவு பொல்லாதவனாயினும், களவெட்டிக்கு வந்தான். வெறுங் களவெட்டியைத் தன் கண்ணாற் கண்டான். விளையாத நெல்லில் பங்கு கேட்க அவனாலும் முடியாது. அவனை நீக்கியபோது அவனுடைய பேராசையும் நீங்கியது. அவனுடைய கண்ணும் நீங்கியது. அந்தக் கண்ணின் வேலை இனி எவருக்கு என்று புதிய வேலைப் பங்கீட்டிலே அழுத்தமாகச் சொல்லப்படவில்லை. ஆணையாளர் மதிப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தலைமைக்காரர் இடாப்பிலுள்ள தொகையை வாங்கவேண்டியவர். தொகையைக் குறைக்க அவருக்கு அதிகாரமில்லை. கச்சேரி எழுதுவினைஞருக்கு நிலுவைப் பத்திரமே தெரியும். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செம்மையாகச் செய்தனர் என்றே வைத்துக்கொள்ளலாம். மூவரும் செம்மையாகச் செய்த கடமைகளின் முடிவில் ஒரு வயல் ஏலத்துக்கு வந்தது.

அது கதைக்காகச் சொல்லப்படுவதன்று. 1880 களில் நுவரெலியா மாவட்டத்தில், வலப்பனை முதலிய பகுதிகளிலே, வரி நிலுவைக்காக ஏராளமான வயல்கள் விற்கப்பட்டன. அக்காலம் கோப்பிப் பயிர் அழிந்த காலமுமாகும். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைச் சில வருடங்களிற் சீரழித்தது. தோட்டங்களாலும், தம் வீட்டு வளவிலிருந்த சில கோப்பிச் செடிகளாலும் மலைநாட்டுக் கிராமத்தவருக்கு வந்துகொண்டிருந்த காசு நின்றது. காசு இருந்த காலத்துக்கென்று எழுதிய தொகை, காசற்ற காலத்திலும் இடாப்பில் அப்படியே நின்றது. நிலமிழந்தோர் பலர் ஊரைவிட்டு அலைந்தனர். பசியாலும் நோயாலும் மாண்டோரைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் அந்த அவலத்தை எடுத்துக் காட்டினார். கொழும்பிலே ஜோர்ஜ் வோல் என்ற வர்த்தகப் பிரமுகர் நெல்வரிக்கு எதிராக இயக்கம் நடத்தினார். இங்கிலாந்திலிருந்த கொப்டன் கழகத்தாரும் குரல் கொடுத்தனர். முடிவில் சேர் ஆதர் ஹவ்லொக் தேசாதிபதியாக இருந்தபோது, 1892 இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. 1893 தைமாதம் முதலாந் திகதி முதல் அது இல்லாமற் போயிற்று. இறக்குமதி செய்யப்படும் அரிசியின் மீதிருந்த தீர்வை மாத்திரம் நீடித்தது. துறைமுகத்திலே சில உத்தியோகத்தர் நின்று வாங்கிவிடக்கூடிய வரி அது. ஆனால் அதைக் கொடுத்தவர்களிற் பெரும்பாலோர் வந்த அரிசியை நம்பி வாழ்ந்த தோட்டத் தொழிலாளரும் நகரத்து ஏழைகளும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஒரே கருவி எல்லா மண்ணிலும் ஒரேவிதமாக வேலை செய்யாது என்பதும் இதனாற் புலனாகும். குளத்து நீர் உறுதியாகப் பாயும் இறக்காமத்து வயலுக்கு நிலையான தொகை அவ்வளவு பாரமாயிராது. விளைச்சலில் ஏற்றத்தாழ்வு குறைவு. வானத்தை நம்பிய மானாவாரி நிலத்துக்கும் மலைச்சரிவின் சிறு வயலுக்கும் அதே தொகைமுறை கழுத்திற் கட்டிய கல். கொழும்பிலிருந்து பார்க்கும்போது இரண்டும் நெல்வயல்களே. வித்தியாசத்தைக் காண்பதற்கு வயலருகே ஓர் ஆள் வேண்டும்; கண்டதை மேலே சொல்வதற்கு அவருக்குக் கடமையும் வேண்டும்; சொன்னதைக் கேட்டு இடாப்பைத் திருத்துவதற்கு இன்னொருவர் வேண்டும்.

ஆகவே இறைவரி வேலையில் மூன்று கூறுகள் உண்டு எனலாம். எவ்வளவு என்று மதிப்பிடுவது, அதை வாங்குவது, அது தவறு என்று சொல்பவனைக் கேட்பது. கருவி எவ்வளவு எளிதானாலும் இம்மூன்றும் மறைவதில்லை. இடம் மாறுகின்றன, அவ்வளவே. எந்தக் கூறுக்கு எவரும் பெயர் குறிக்கப்படவில்லையோ, அந்தக் கூறின் பாரம் கடைசியில் வரி செலுத்துபவன் தலையிலே விழும். முதலிரண்டுக்கும் ஆட்களை நியமிக்க எந்த அலுவலகமும் மறப்பதில்லை. பணம் அங்கேதான் வருகிறது. மூன்றாவதுக்கு ஒரு மேசை போடுவதற்கே தயக்கம். பாடசாலைகளிலும் இதைக் காணலாம். வரவு இடாப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், பிள்ளை வரவில்லை என்பதைத்தான் அது சொல்லும். ஏன் வரவில்லை என்பதை வீட்டுக்குப் போன ஆசிரியரே சொல்லமுடியும்.

பின்வந்த காலத்தில் இலங்கையில் இறைவரி ஆட்களின் வரிசை பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. மட்டக்களப்புப் பகுதியில் வன்னிமை, உடையார், விதானை என்று மேலிருந்து கீழாக நின்ற தலைமைக்காரர் வரிசையில், மேற்படியிலிருந்தவர்களின் இடத்துக்குப் பிரிவுக் காரியாதிகாரிகள் வந்தனர். ஊர் விதானையின் இடத்துக்கு 1963 இல் கிராம சேவகர் வந்தார். விதானை ஊரிலே செல்வாக்குள்ள குடும்பத்தவர். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே முதுமையடைபவர். கிராம சேவகர் போட்டிப் பரீட்சையிலே தேறியவர், சம்பளம் பெறுபவர், இடமாற்றத்துக்குரியவர். இந்த மாற்றம் வேண்டியதே. உறவுக்கும் பகைக்கும் ஏற்ப அதிகாரம் செலுத்திய விதானைமாரைப் பற்றிய கதைகள் இல்லாத ஊர் இல்லை. ஆனால் எந்த வயல் எவருடையது, எந்த வாய்க்கால் எப்போது உடைத்தது, எந்தக் குடும்பம் எந்த வருடத்தில் நொடித்தது என்ற நினைவு விதானையின் தலையிலே இருந்தது, புத்தகத்தில் இருக்கவில்லை. அவர் போனபோது நினைவும் கூடப் போயிற்று. புதியவர் அதைத் தேடிச் சேர்க்கச் சில வருடங்கள் ஆகும். சேர்த்து முடிக்கும்போது அவருக்கு இடமாற்றம் வரும்!

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதை ஒத்ததொரு நிகழ்ச்சி நடந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கணக்கு எழுதுவதற்குக் கர்ணம் என்ற கணக்குப்பிள்ளையும், வரி வாங்குவதற்கு முன்சீப்பு என்ற மணியக்காரரும் இருந்து வந்தனர். பெரும்பாலும் வழிவழியாக வந்த பதவிகள் அவை. எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, 1980 கார்த்திகை மாதத்தில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் கிராம நிருவாக அலுவலர் என்ற முழுநேர உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டார். பதவியிழந்தோர் வழக்குத் தொடர்ந்தனர். இந்திய உச்ச நீதிமன்றம் 1982 இல் அந்த ஒழிப்பு செல்லும் என்று தீர்த்தது. பரம்பரை உரிமையைப் போக்கிய அளவில் அது நற்காரியமே. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முன்பு எழுதியது ஒரு கை, வாங்கியது மற்றொரு கை. ஒருவர் மற்றவருக்குத் தடை. இருவரும் சேர்ந்து தவறு செய்ய முடியாததன்று, எனினும் சேரவேண்டியிருந்தது. இரு கையும் ஒரு கையானபோது அந்தத் தடை கிராமத்திலே இல்லாமற் போய், வருடத்துக்கொருமுறை மேலதிகாரி வந்து கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியின் மீதே பாரம் முழுவதும் ஏறிற்று.

இது பழங்கதையன்று. இன்று அலுவலகங்களிலே பல இடாப்புகளின் வேலையை ஒரு கணினி முறைமை செய்துவிடுகிறது. நல்லதுதான். ஆயினும் முன்பு ஐந்து எழுதுவினைஞர் ஐந்து புத்தகங்களில் எழுதியதை இப்போது ஒருவரே ஒரு திரையில் எழுதலாம், அழிக்கலாம், திருத்தலாம் என்று ஆகிவிடும்போது, மீதி நால்வரை என்ன செய்வது என்று மாத்திரம் யோசித்தாற் போதாது. தொகையை எழுதுபவரே பணத்தையும் பெற்று, அவரே திருத்தத்தையும் பதியலாமா என்று யோசிக்கவேண்டும். ஐந்து புத்தகங்களை வைத்திருந்தபோது அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பெருந்தொல்லையாக இருந்தது. அந்தத் தொல்லைக்குள்ளே ஒரு காவலும் இருந்தது. தொல்லையைப் போக்கும்போது காவலும் போகாமல், மீதி நால்வரில் ஒருவரை அந்தக் காவலுக்கும், ஒருவரைக் குறை கேட்பதற்கும், மற்றோரை அலுவலகத்துக்கு வெளியே சென்று நிலைமையைப் பார்ப்பதற்கும் அமர்த்துவதே பொருத்தமான பங்கீடு. பெரும்பாலும் நடப்பது வேறு. புத்தகம் ஒன்றுக்கு ஓர் ஆள் என்றிருந்தது, திரை ஒன்றுக்கு ஓர் ஆள் என்று மாறுகிறது. எஞ்சியோர் வேறு திணைக்களத்துக்குப் போகின்றனர்.

இலங்கை அரசாங்கத்தின் அண்மைக்கால அனுபவம் இதைப் பெரிய அளவிற் காட்டிற்று. 2019 மார்கழி முதல் 2020 ஆரம்பம் வரையிலான சில மாதங்களில் வரிமுறை வெகுவாக எளிதாக்கப்பட்டது. தேச நிர்மாண வரி நீக்கப்பட்டது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. அதற்குப் பதிய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை ஒரு கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்ந்தது. சம்பளத்திலிருந்து தொழில் கொள்வோர் கட்டாயமாகக் கழித்துக் கட்டிவந்த, உழைக்கும்போதே செலுத்தும் வரியும் 2020 தைமாதத்தில் நிறுத்தப்பட்டது. வீதங் குறைந்ததால் வருமானம் குறைந்தது என்பதை எவரும் அறிவர். கடைசியாகச் சொன்ன மாற்றத்தின் தன்மை வேறு. சம்பளங் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இறைவரித் திணைக்களத்துக்குச் சம்பளமில்லாத ஓர் ஊழியனாக இருந்து வந்தது. யாருக்கு எவ்வளவு வருமானம் என்று மாதந்தோறும் பார்த்துச் சொன்ன கண் அது. அந்தக் கண்ணை மூடியபின், சம்பளம் பெறும் ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடிக் காண்பதற்குத் திணைக்களத்தில் ஆட்கள் பெருகவில்லை. தொற்றுநோய்க் காலத்தின் முடக்கமும் சேர்ந்தது. 2022 சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தவேண்டி வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வரி வருமானத்தின் வீழ்ச்சி அவற்றுள் ஒன்று என்பதை மறுப்போர் சிலரே. 2023 தைமாதம் முதல் சம்பளத்திற் கழிக்கும் முறை மறுபடியும் கட்டாயமாயிற்று. 2024 தைமாதத்திலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதமாகவும், பதிவு எல்லை 6 கோடி ரூபாவாகவும் வந்தன.

1878 இல் நீக்கப்பட்ட குத்தகைக்காரனையும் 2020 இல் கடமையிலிருந்து விடுவிக்கப்பட்ட தொழில் கொள்வோரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஒருவன் இலாபத்துக்காக அளந்தவன், மற்றவர் சட்டத்துக்காகக் கழித்தவர். ஆனால் இருவரும் செய்துவந்த பார்வை வேலைக்கு, அவர்களை நீக்கியபோது மாற்றாள் வைக்கப்படவில்லை. முதல் நிகழ்ச்சியிலே நட்டப்பட்டவன் வயலையிழந்த குடியானவன். இரண்டாவதிலே, எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற பொதுசனம்.

மீண்டும் வயல்வெளிக்கு வருவோம். நெல்வரி ஒழிந்த பின்னரும் வயலில் ஒரு வகை ஆட்சி தேவைப்பட்டது. நீரைப் பங்கிடவேண்டும்; வாய்க்காலை வெட்டவேண்டும்; வேலியடைக்கவேண்டும்; விதைப்புக்கு நாட் குறிக்கவேண்டும். நீர்ப்பாசனத்திலும் நெற்செய்கையிலும் இருந்த பழைய வழக்கங்களை மீட்டு நிலைநிறுத்துவதற்காக வார்ட் காலத்திலேயே, 1856 இல், ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. கிழக்கு மாகாணத்தில் இவ்வேலையின் நடுவில் நிற்பவர் வட்டை விதானை. போடியார், முல்லைக்காரன், வயற்காரன் எல்லோரும் அவர் சொல்லுக்குக் காத்திருந்த காலம் உண்டு. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நாடெங்கும் வயல் விதானைமாரின் அதிகாரத்தை எடுத்து, தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்தது. 1970 களின் ஆரம்பத்தில் தெரிவுக்குப் பதில் நியமனம் வந்தது. 1979 இல் கமநல சேவைகள் சட்டம் அக்குழுக்களையும் நீக்கிற்று. 1991 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு விவசாயிகள் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. நாற்பது வருடத்துக்குள் வயலின் ஆட்சி இத்தனை முறை கைமாறிற்று. ஒவ்வொரு முறையும் பழைய இடாப்பு மூடப்பட்டு, புதிய இடாப்பு திறக்கப்பட்டது. நீருக்கு மாத்திரம் எந்தச் சட்டம் வந்ததென்று தெரியாது. மேல்மடையில் அடைத்தவனுக்குப் பாய்ந்தது, கடைமடையிலிருந்தவனுக்குப் பாயவில்லை.

அம்பாறை மாவட்டத்து வட்டைகளில் வட்டை விதானைமார் இன்றும் இருக்கின்றனர். போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலே நீர்ப்பாசன உத்தியோகத்தரும் கமநல உத்தியோகத்தரும் மேசையிலிருக்க, விதைப்பு நாளும் நீர் திறக்கும் நாளும் தீர்மானிக்கப்படும்போது அவர்களும் அங்கே இருப்பர். எந்தக் கண்டத்தில் யார் விதைத்தார், யாருடைய வயல் வெள்ளத்தில் மூழ்கிற்று, யாருக்குக் கடைத் தண்ணீர் எட்டவில்லை என்பதெல்லாம் வரம்பிலே நடப்பவருக்கே தெரியும். வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிரழிந்து, நட்டஈட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது, அழிவு உண்மைதானா என்று கமநல நிலையத்தில் ஒரு கேள்வி எழும். அக்கேள்விக்கு அலமாரியிலிருக்கும் இடாப்பும் விடை சொல்லாது, மேசையிலிருக்கும் கணினியும் விடை சொல்லாது. உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வட்டை விதானையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, வயலுக்குப் போகவேண்டியிருக்கிறது.